இணையதள வருகை மூலங்களின் தவறான வகைப்பாடும் அதைத் திருத்தும் முறையும்

இணையதள வருகை மூலங்களின் தவறான வகைப்பாடு என்பது, ஓர் இணையதளத்துக்கு வந்த பார்வையாளர் உண்மையில் வந்த வழி ஒன்றாகவும், பகுப்பாய்வுக் கருவியின் அறிக்கை காட்டும் வழி வேறொன்றாகவும் இருக்கும் நிலையாகும். வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பைத் தொட்டு வந்தவர் 'நேரடி வருகை' என்று பதிவாவதும், முகநூல் விளம்பரம் பார்த்துப் பொருள் வாங்கியவர் பணம் செலுத்தும் நிறுவனத்தின் தளத்திலிருந்து வந்தவராகப் பதிவாவதும் இதற்குப் பரவலான எடுத்துக்காட்டுகள்.

இத்தவறுகள் இரண்டு வகைப்படும். முதல் வகையில், வந்த வழி பற்றிய தகவலே கருவிக்குக் கிடைப்பதில்லை. இரண்டாம் வகையில், தகவல் கிடைத்திருக்கிறது. ஆனால் அது தவறான பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் வகையைப் பழைய தரவிலும் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். முதல் வகையை இனி வரும் வருகைகளுக்கு மட்டுமே தடுக்க முடியும். இந்த வேறுபாட்டை அறிவதே திருத்தத்தின் முதற்படி.

சேலம், நாமக்கல் பகுதியில் இதன் தேவை

சேலம் சமவெளியும், 1997 சனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லும் சிறு தொழில்கள் நிறைந்த பகுதிகள். சேலம் வெண்பட்டு, இளம்பிள்ளைச் சேலைகள், வெள்ளிக் கொலுசு, புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி, நாமக்கல் முட்டை, லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகள் எனப் பல தொழில்கள் இங்கு உள்ளன. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் விற்பனைக் களமாக இருக்கிறது. முட்டைக்கு நாமக்கல் மண்டல விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. இவ்வாறான பொது அமைப்பு ஏதும் இல்லாத சிறு விற்பனையாளர் பலர், சொந்தமாக ஓர் இணையதளமும் கைப்பேசியில் சில குழுக்களும் வைத்துக்கொண்டு வெளியூர் வாடிக்கையாளரைத் தேடுகின்றனர்.

அத்தகையவர் தீபாவளிக்கு முன் விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகை சிறியது. அதை எதில் போடுவது என்பதை வருகை அறிக்கையைப் பார்த்தே முடிவு செய்கிறார். அறிக்கை தவறானால், பயன் தந்த வழியை நிறுத்திவிட்டுப் பயன் தராத வழிக்குப் பணம் கட்ட நேரும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு காலாண்டுக் கணக்கில் மறைந்துவிடும் இழப்பு. ஐந்து தறி வைத்திருப்பவருக்கு அது அந்த ஆண்டின் முதலீடாகவே இருக்கலாம்.

வந்த வழியைக் கருவி அறியும் விதம்

ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கி வேறொரு தளத்துக்குச் செல்லும்போது, தான் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதை உலாவி ஒரு குறிப்பாக அனுப்புகிறது. இதற்கு 'ரெஃபரர்' என்று பெயர். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் இச்சொல் ஓர் எழுத்து குறைந்து அச்சாயிற்று. நான்கு 'ஆர்' இருக்க வேண்டிய ஆங்கிலச் சொல் மூன்று 'ஆர்' உடன் பதிவாகி, அப்பிழையுடனேயே இன்றுவரை உலகின் எல்லா உலாவிகளிலும் வழங்கி வருகிறது.

லாரிப் போக்குவரத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். லோடு ஏற்றிய ஊர், இறக்க வேண்டிய ஊர் ஆகியவை எழுதிய ரசீது லாரியுடன் வரும். கிடங்கு வாயிலில் இருப்பவர் அதைப் பார்த்து நோட்டில் பதிந்துகொள்கிறார். ரசீது இல்லாமல் வந்த லாரியையும் உள்ளே விட்டாக வேண்டும். அப்போது 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் அவர் ஏதாவது ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. பகுப்பாய்வுக் கருவி அக்கட்டத்தில் எழுதும் சொல்லே 'நேரடி'.

ரெஃபரர் தவிர மற்றொரு வழியும் உண்டு. இணைப்பின் முகவரியிலேயே, கேள்விக்குறிக்குப் பின், அது எங்கே வைக்கப்பட்டது என்பதை எழுதிவிடலாம். இவ்வாறு எழுதப்படும் குறிகள் 'யூடிஎம்' எனப்படுகின்றன. இதன் முதலெழுத்து அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கிறது. அர்ச்சின் மென்பொருள் நிறுவனத்தை 2005-ல் கூகுள் வாங்கி, அதே ஆண்டு கூகுள் அனலிடிக்ஸ் சேவையைத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் மறைந்தாலும் குறியின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று மட்டோமோ போன்ற கட்டற்ற மென்பொருள்களும் யூடிஎம் குறிகளைப் புரிந்துகொள்கின்றன.

யூடிஎம் குறிகளில் மூன்று முதன்மையானவை:

- சோர்ஸ்: இணைப்பு வைக்கப்பட்ட இடத்தின் பெயர். எடுத்துக்காட்டு: வாட்ஸ்அப், ஃபேஸ்புக்.
- மீடியம்: அந்த இடத்தின் வகை. எடுத்துக்காட்டு: சோஷியல், ஈமெயில், கட்டண விளம்பரத்துக்கு சிபிசி.
- கேம்பெயின்: எந்த முயற்சிக்காக வைக்கப்பட்டது. எடுத்துக்காட்டு: தீபாவளி, ஆடித் தள்ளுபடி.

பிரிவுகளில் வைக்கப்படும் விதம்

மூலமும் வகையும் தெரிந்த பின், கருவி ஒவ்வொரு வருகையையும் ஒரு பிரிவில் வைக்கிறது. கூகுள் அனலிடிக்ஸ் 4 பயன்படுத்தும் முதன்மைப் பிரிவுகள்: நேரடி, இயல்பான தேடல், கட்டணத் தேடல், இயல்பான சமூக ஊடகம், கட்டணச் சமூக ஊடகம், மின்னஞ்சல், பிற தளப் பரிந்துரை, வகைப்படாதவை. பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 சூலை 1 முதல் புதிய தரவைப் பெறுவதை நிறுத்தியது. அதன் பின் இப்பிரிவுகளே பெரும்பாலான தளங்களில் காணப்படுகின்றன.

பிரிக்கும் விதிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. மீடியம் 'ஆர்கானிக்' எனில் இயல்பான தேடல். 'ரெஃபரல்' எனில் பிற தளப் பரிந்துரை. மூலம் சமூக ஊடகப் பட்டியலில் இருந்து, மீடியம் 'பெய்டு' என்று தொடங்கினால் கட்டணச் சமூக ஊடகம். எந்த விதியிலும் பொருந்தாதவை வகைப்படாதவற்றில் சேரும். எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைக் கருவி ஊகிப்பதில்லை. மீடியம் என்ற இடத்தில் ஒருவர் 'நோட்டீஸ்' என்று எழுதினால், அவருக்குப் பொருள் விளங்கும்; விதிக்கு விளங்காது.

தவறு நேரும் இடங்கள்

செயலிகளிலிருந்து வரும் இணைப்புகள்

ரெஃபரர் அனுப்புவது உலாவியின் வேலை. வாட்ஸ்அப், குறுஞ்செய்தி போன்றவற்றில் உள்ள இணைப்பைத் தொடும்போது முந்தைய வலைப்பக்கம் என்று ஒன்று இருப்பதில்லை. எனவே குறிப்பு ஏதுமின்றியே உலாவி திறக்கிறது. வருகை 'நேரடி' ஆகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட கியூஆர் குறியை வருடி வருபவர்களும் இவ்வாறே பதிவாகின்றனர்.

2012 அக்டோபரில் அமெரிக்க இதழாளர் அலெக்சிஸ் மாட்ரிகல், தி அட்லாண்டிக் இதழில் இதைச் சுட்டிக்காட்டி 'டார்க் சோஷியல்' என்று பெயரிட்டார். அவர் பின்பற்றிய தருக்கம் எளிது. தளத்தின் முகப்பு முகவரியை ஒருவர் நினைவில் வைத்துத் தட்டச்சு செய்யலாம். எண்களும் கோடுகளும் கலந்த நீண்ட உட்பக்க முகவரியை யாரும் தட்டச்சு செய்வதில்லை. ஆகவே உட்பக்கத்தில் நேரே வந்திறங்கிய 'நேரடி' வருகைகளில் பெரும்பகுதி யாரோ அனுப்பிய இணைப்பின் வழியே வந்தவை.

முட்டை விலை வெளியிடும் ஒரு பக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். விலை அறிவிப்பு வந்த சில நிமிடங்களில், அதன் உட்பக்க முகவரிக்கு நூற்றுக்கணக்கில் 'நேரடி' வருகைகள் குவிந்தால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகவரியைத் தட்டச்சு செய்தார்கள் என்று பொருளல்ல. இணைப்பு ஏதோ ஒரு குழுவில் பகிரப்பட்டிருக்கிறது.

பணம் செலுத்தும் பக்கங்கள்

இந்தியாவில் 2009 ஆகத்து முதல், இணையவழி அட்டைப் பரிமாற்றத்துக்குக் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இதனால் வாங்குபவர் விற்பனைத் தளத்திலிருந்து பணம் செலுத்தும் நிறுவனத்தின் பக்கத்துக்கும், அங்கிருந்து வங்கியின் ஓடிபி பக்கத்துக்கும் சென்று, பின் விற்பனைத் தளத்துக்குத் திரும்புகிறார். திரும்பும்போது வங்கியின் முகவரி ரெஃபரராக வருகிறது. கருவி அதைப் புதிய மூலமாக எடுத்துக்கொண்டால், விற்பனைக்குக் காரணம் வங்கி என்று அறிக்கை சொல்லும். பணம் செலுத்தும் நிறுவனம் வாடிக்கையாளரை அழைத்து வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிய வாடிக்கையாளரை அது திருப்பி அனுப்பியது, அவ்வளவே.

முகவரி மாற்றங்கள்

எச்டிடிபிஎஸ் தளத்திலிருந்து பாதுகாப்பில்லாத எச்டிடிபி தளத்துக்குச் செல்லும்போது உலாவிகள் வழக்கமாக ரெஃபரரை அனுப்புவதில்லை. இன்னும் எச்டிடிபியில் இயங்கும் தளங்கள் இதனாலேயே பெரும்பகுதி வருகையின் மூலத்தை இழக்கின்றன. பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு, கேள்விக்குறிக்குப் பின் உள்ளவற்றை வெட்டிவிட்டால் யூடிஎம் குறிகளும் காணாமற்போகும். கூகுள் விளம்பரங்கள் தாமே சேர்க்கும் 'ஜிகிளிட்' குறி இவ்வாறு வெட்டுப்பட்டால், காசு கொடுத்து வந்த வருகை இயல்பான தேடலாகப் பதிவாகிவிடும்.

குரோம் 85-ஆம் பதிப்பு 2020-லும், பயர்பாக்ஸ் 87-ஆம் பதிப்பு 2021-லும் ரெஃபரரைச் சுருக்கின. இவற்றில் வேறு தளத்துக்குச் செல்லும்போது தளத்தின் பெயர் மட்டுமே அனுப்பப்படுகிறது. பக்கத்தின் முழு முகவரி போவதில்லை. வாசிப்பவரின் தனியுரிமையைக் காக்கவே இம்மாற்றம் செய்யப்பட்டது. இதனால் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பது தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து என்பது தெரியாது.

குறிகளை எழுதுவதில் நேரும் பிழைகள்

கூகுள் அனலிடிக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகக் கொள்ளும். கடைக்காரர் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதிய 'ஃபேஸ்புக்' ஒரு வரியாகவும், அவர் மகன் சிறிய எழுத்தில் எழுதியது வேறொரு வரியாகவும் அறிக்கையில் வரும். ஒரே முகநூல் அதன் கைப்பேசித் துணைத்தளம், இணைப்பு வடிகட்டும் துணைத்தளம் ஆகியவற்றின் பெயரிலும் தனித்தனி வரிகளாகத் தோன்றும்.

இதைவிடப் பெரிய பிழை, தளத்தின் உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பில் யூடிஎம் எழுதுவது. தேடல் வழியே வந்த ஒருவர் முகப்பில் உள்ள 'தள்ளுபடி' படத்தைத் தொட்டதும், அவர் வந்த மூலம் மறைந்து, அதன் இடத்தில் 'முகப்புப் படம்' என்பது வந்துவிடும்.

கருவியின் நிரல் இல்லாத பக்கங்கள்

முதலில் வந்திறங்கும் பக்கத்தில் பகுப்பாய்வு நிரல் இல்லையெனில், அடுத்த பக்கத்தில்தான் கணக்கு தொடங்கும். அப்போது ரெஃபரராக இருப்பது அதே தளத்தின் முகவரி. உண்மையான மூலம் முதற்பக்கத்தோடு போய்விட்டிருக்கும்.

மனிதரல்லாத வருகைகள்

2014, 2015 ஆண்டுகளில் 'ரெஃபரர் ஸ்பேம்' பரவலாக இருந்தது. தளத்துக்கு வராமலேயே, பொய்யான முகவரிகளை அறிக்கையில் மட்டும் பதியவைத்து, தள உரிமையாளரை அந்த முகவரிக்கு இழுப்பதே அதன் நோக்கம். தானியங்கி நிரல்கள் மனிதரைப் போல நடிப்பதும் மூலத்தைத் தவறாகக் காட்டும். இதற்கான பெரிய எடுத்துக்காட்டுகள் விக்கிமீடியாவின் அனுபவத்தில் உள்ளன.

விக்கிமீடியா: இந்தியாவிலிருந்து வந்த கோரிக்கைகள்

2021 பிப்ரவரியில் விக்கிமீடியா பொறியாளர்கள் ஒரு விந்தையைக் கவனித்தனர். விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள ஒரு நியூயார்க் ஆஸ்டர் பூவின் படத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடி கோரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. அவர்களுடைய தரவு மையங்களுள் ஒன்றுக்கு வரும் படக் கோரிக்கைகளில் சுமார் 20% இந்த ஒரு பூவுக்கே. அத்தனையும் இந்தியாவிலிருந்து, வெவ்வேறு இணையச் சேவை நிறுவனங்களின் வழியே வந்தன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இந்தியாவில் அப்பூ பெரும் புகழ் பெற்றுவிட்டது என்று எழுதிவிடலாம். பொறியாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. கோரிக்கைகள் பல்வேறு முகவரிகளிலிருந்து வருவதையும், மனிதர் விழித்திருக்கும் நேரத்துக்கேற்ப ஏறி இறங்குவதையும் கண்டு, இந்தியாவில் பலர் பயன்படுத்தும் ஏதோ ஒரு கைப்பேசிச் செயலி இப்படத்தைக் கேட்கிறது என்று கருதினர். உயர்வு தொடங்கிய காலத்தையும் பார்த்தனர். 2020 சூன் மாத இறுதியில் கோரிக்கைகள் திடீரெனப் பெருகியிருந்தன. சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்திருந்தது. அவற்றுக்கு மாற்றான செயலிகள் வேகமாகப் பரவிய நாள்கள் அவை. இறுதியில், ஒரு செயலி திறக்கும்போதெல்லாம் இப்படத்தை இறக்கிக்கொள்கிறது என்றும், ஆனால் பயனருக்கு அதைக் காட்டுவதே இல்லை என்றும் தெரியவந்தது. 9 கோடி கோரிக்கைகள் வந்த நாளிலும் அச்செயலி வழியே பூவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

2025-ல் மற்றொரு திருத்தம் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாத அளவில் பிரேசிலிலிருந்து மனிதர் வருகை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்ததாகக் கணக்கு காட்டியது. ஆராய்ந்தபோது அதில் பெரும்பகுதி, கண்டறியப்படாமல் இருக்கும்படி உருவாக்கப்பட்ட தானியங்கி நிரல்கள் என்று தெரிந்தது. தரவை மீண்டும் வகைப்படுத்திய பின், விக்கிப்பீடியாவின் மனிதர் வாசிப்பு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 8% குறைந்திருந்தது. கூடியிருந்த எண்ணைக் குறைத்துக் காட்டும் திருத்தத்தை அவ்வமைப்பு வெளிப்படையாக அறிவித்தது.

விக்கிப்பீடியா வாசகர் ஒரு கட்டுரைக்கு எவ்வழியில் வந்தார் என்பது பற்றி வெளியிடப்படும் 'கிளிக்ஸ்ட்ரீம்' தரவில், ரெஃபரர் இல்லாத வருகைகளுக்கு 'நேரடி' என்று பெயரிடப்படவில்லை. 'வெற்று' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே வழங்கப்படுகிறது. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் காட்டாத பெயர் அது. கூகுள் அனலிடிக்ஸ் அறிக்கையில் 'நேரடி' என்று வரும் இடத்தில் 'மூலம் தெரியவில்லை' என்று மனத்துக்குள் மாற்றிப் படித்தாலே பல தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம்.

திருத்தும் முறை

1. நோயறிதல். முதலில் 'நேரடி' வருகைகளை, அவை வந்திறங்கிய பக்கத்தோடு சேர்த்துப் பட்டியலிட வேண்டும். முகப்பில் இறங்கியவை உண்மையான நேரடி வருகைகளாக இருக்க வாய்ப்பு உண்டு. உட்பக்கங்களில் இறங்கியவை ஐயத்துக்குரியவை. பின்னர் பரிந்துரைத் தளங்களின் பட்டியலில் வங்கி, பணம் செலுத்தும் நிறுவனம், தன் சொந்தத் தளம் ஆகியவற்றின் பெயர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வகைப்படாதவற்றில் எந்தச் சொற்கள் மீடியமாக வந்துள்ளன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அடித்தளத்தைச் சரிசெய்தல். தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ் முகவரியில் இயங்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் இதற்கான சான்றிதழை இலவசமாக வழங்குகிறது. எல்லாப் பக்கங்களிலும் பகுப்பாய்வு நிரல் ஒருமுறை மட்டும் இருக்க வேண்டும். திருப்பிவிடும் முகவரிகள் யூடிஎம், ஜிகிளிட் குறிகளை வெட்டாமல் கடத்துகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

3. பணம் செலுத்தும் தளங்களை விலக்குதல். கூகுள் அனலிடிக்ஸ் 4-ல் தரவு ஓடைக்கான டேக் அமைப்புகளுக்குள், வேண்டாத பரிந்துரைகளைப் பட்டியலிடும் வசதி உள்ளது. ஒரு தரவு ஓடைக்கு 50 வரை சேர்க்கலாம். அங்கே சேர்க்கப்பட்ட தளத்திலிருந்து ஒருவர் திரும்பி வரும்போது, அது புதிய மூலமாகக் கொள்ளப்படாது. கடைக்கு ஒரு தளமும், கட்டணம் செலுத்தச் சொந்தமான மற்றொரு தளமும் இருந்தால், இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி தளங்களை இணைக்கும் அமைப்பையும் செய்ய வேண்டும்.

4. குறிகளுக்கு ஓர் ஏடு. வெளியே வைக்கப்படும் ஒவ்வோர் இணைப்புக்கும் யூடிஎம் எழுதி, ஒரே விரிதாளில் பதிந்து வைக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இன்றி, முன்பே முடிவு செய்த சொற்களில் இருப்பது நல்லது. மீடியத்துக்குக் கருவி அறிந்த சொல்லையே கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு மூலம் 'வாட்ஸ்அப்', மீடியம் 'சோஷியல்' என்று வைக்கலாம். சேலைப் பெட்டியில் அச்சிடும் கியூஆர் குறிக்கும், கண்காட்சியில் தரும் துண்டறிக்கைக்கும் தனித்தனி கேம்பெயின் பெயர் தர வேண்டும். அச்சிட்ட பின் மாற்ற முடியாது என்பதால் கியூஆர் குறியை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். தளத்தின் உள் இணைப்புகளில் யூடிஎம் எழுதவே கூடாது.

5. பிரிவு விதிகளைத் திருத்துதல். கருவி தரும் பிரிவுகள் போதவில்லை எனில், சொந்தப் பிரிவுத் தொகுப்பை உருவாக்கலாம். முகநூலின் பல துணைத்தளங்களை ஒன்றாக்குவது, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிலிருந்து வருபவர்களைத் தனியே காட்டுவது ஆகியவை இதனால் இயலும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்திய விதியே செல்லும். எனவே சிறப்பு விதிகளைப் பொதுவான 'பரிந்துரை' விதிக்கு மேலே வைக்க வேண்டும். இத்தொகுப்பைப் பழைய தரவுக்கும் பொருத்திப் பார்க்க முடியும்.

6. சோதனை. குறி எழுதிய இணைப்பைக் கைப்பேசியில் தொட்டு, உடனடி அறிக்கையில் அவ்வருகை வருகிறதா என்று பார்க்கலாம். மூலம் சரியாக அமைந்ததா என்பதை முழு அறிக்கையில் காண ஓரிரு நாள்கள் பொறுக்க வேண்டும். திருத்தம் செய்த நாளை ஏட்டில் குறித்து வைப்பது மிக இன்றியமையாதது. இல்லையெனில் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர், அந்நாளில் ஏற்பட்ட மாற்றத்தைச் சந்தையில் ஏற்பட்ட மாற்றம் என்று எண்ணிவிடுவார்.

விளக்கக் கணக்கு

கீழ்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. இளம்பிள்ளையில் ஒரு சேலை விற்பனையாளருக்கு ஒரு மாதத்தில் இணையதளம் வழியே 40 ஆர்டர்கள் வருவதாகக் கொள்வோம். அவர் முகநூல் விளம்பரத்துக்கு ₹4,000 செலவிடுகிறார். வீட்டிலுள்ள ஒருவர் நாள்தோறும் புதிய சேலைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறார்.

திருத்தத்துக்கு முன் அறிக்கை காட்டுவது:

- பணம் செலுத்தும் தளம்: 16
- நேரடி: 12
- தேடல்: 8
- முகநூல் விளம்பரம்: 4

இதில் வாட்ஸ்அப் என்ற பெயரே இல்லை. படம் அனுப்பும் வேலை வீண் என்று அவர் முடிவு செய்யக்கூடும். அதை நிறுத்திவிட்டு, ஆர்டர் தந்ததாகக் காட்டும் விளம்பரத்துக்கு மேலும் பணம் போடுவது அடுத்த எண்ணமாக இருக்கும்.

பணம் செலுத்தும் தளத்தை விலக்கி, எல்லா இணைப்புகளுக்கும் குறி எழுதிய பின், அடுத்த மாதமும் 40 ஆர்டர்களே வந்தன என்று வைத்துக்கொள்வோம். இப்போது அறிக்கை:

- வாட்ஸ்அப்: 17
- தேடல்: 10
- முகநூல் விளம்பரம்: 5
- நேரடி: 5
- பெட்டியில் உள்ள கியூஆர்: 3

விற்பனை ஒன்றும் கூடவில்லை. ஆனால் விளம்பரம் ஓர் ஆர்டருக்கு ₹800 வாங்குகிறது என்பதும், நாள்தோறும் படம் அனுப்புபவரின் உழைப்பே கடையைத் தாங்குகிறது என்பதும் இப்போது தெரிகிறது. கணக்கில் வராததால் அவ்வுழைப்புக்கு மதிப்பு இல்லாமல் இருந்தது. விளம்பரத்தை முற்றிலும் நிறுத்தலாமா என்பதற்கு இந்த ஒரு மாதக் கணக்கு போதாது. விளம்பரத்தில் முதலில் பார்த்தவர் பின்னர் குழுவில் சேர்ந்து வாங்கியிருக்கலாம். சிறிய எண்களில் ஒன்றிரண்டு ஆர்டர்கள் முன்பின்னாவது இயல்பு. மூன்று, நான்கு மாதங்கள் ஒப்பிட்ட பிறகே முடிவெடுப்பது தகும்.

திருத்த இயலாதவை

எல்லா வருகைக்கும் மூலம் கண்டுவிட முடியாது. குறியில்லாத இணைப்பை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பினால் அதைத் தொடர வழியில்லை. குறியுள்ள இணைப்பை வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினால், மின்னஞ்சலில் வந்தவரும் வாட்ஸ்அப் என்றே பதிவாவார். ஆப்பிள் நிறுவனம் 2023-ல் ஐஓஎஸ் 17 பதிப்பில், தனிப்பட்ட உலாவல் முறையிலும் மெயில், மெசேஜஸ் செயலிகளிலும், தனிநபரை அடையாளம் காண உதவும் ஜிகிளிட் போன்ற குறிகளை இணைப்பிலிருந்து நீக்கத் தொடங்கியது. பொதுவான யூடிஎம் குறிகள் இதில் நீக்கப்படுவதில்லை.

மூலத்தை அறியும் ஆர்வத்தில் பார்வையாளரின் தனியுரிமையை மீறவும் கூடாது. யூடிஎம் குறியில் வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எழுதுவது கூகுளின் விதிகளுக்கு மாறானது. இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டுள்ள நிலையில், இதில் கூடுதல் கவனம் வேண்டும். இணைப்பு எங்கே வைக்கப்பட்டது என்பதை அறிந்தால் போதும். அதைத் தொட்டவர் யார் என்பது இக்கணக்குக்குத் தேவையில்லை.

குறிகள் எட்டாத இடத்தில் பழைய முறை ஒன்று உதவும். ஆர்டர் படிவத்தில் 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். வாடிக்கையாளர் தரும் விடையையும் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 'நேரடி' என்ற கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பது ஓரளவு விளங்கும்.

மாணவர்கள் செய்து பார்க்க

பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஓர் இலவச வலைத்தளத்தைத் தொடங்கி இதைச் சோதிக்கலாம். ஒரே பக்கத்தின் இணைப்பை மூன்று விதமாகப் பகிர வேண்டும்: ஒன்று குறியில்லாமல் வாட்ஸ்அப்பில்; ஒன்று யூடிஎம் குறியுடன் வாட்ஸ்அப்பில்; ஒன்று வேறொரு வலைப்பக்கத்தில் சாதாரண இணைப்பாக. ஒவ்வொன்றையும் வெவ்வேறு கைப்பேசியில் பத்து நண்பர்கள் தொட்ட பின், இரண்டு நாள் கழித்து அறிக்கையைப் பார்க்க வேண்டும். எந்தப் பத்து எந்தப் பிரிவில் சேர்ந்தது, முப்பதில் எத்தனை காணாமற்போயின என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உண்மையான எண்ணிக்கை முன்பே கையில் இருப்பதால், கருவி எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே ஊகிக்கிறது, எங்கே வெறுமனே 'நேரடி' என்று எழுதிவிடுகிறது என்பதை இச்சோதனையில் நேரே காணலாம்.